மருதமுனைக் குழி வாத்தியம்

மருதமுனைக்குப் போகப்போகிறேன் என்றதும் என் மனைவியின் தமையனார், "என்ன, சாறன் வாங்கவோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் மருதமுனை என்றால் சாறன்தான், கைத்தறியில் நெய்து வரும் கைலி. வேறு காரியமாக அந்த ஊருக்கு யாரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. "ஓம், சாறன்தான்" என்று சொல்லிவைத்தேன். அவருடைய புகையிலைத் தோட்டத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் பட்டிதான் போன வருடம் என் இடக்கையின் மூன்று விரல்களை இழுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார், கைப்பக்கம் கண்ணைக் கொண்டுபோக மாட்டார். நானும் அவரோடு அதிகம் கதை வளர்ப்பதில்லை.

நான் வயலின் வாசித்தவன். கோயில் திருவிழா, நாடக மேடை, கலியாண வீடு என்று ஓடித் திரிந்தவன். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொன்னேன். வயலின்காரனுக்கு இடக்கை விரலில்தான் சுரம் இருக்கிறது. இது தெரியாதவர்கள் ஆறுதல் சொல்ல வந்து, "சோறு தின்னுற கை தப்பினதே பெரிய புண்ணியம்" என்று சொல்லிக் கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கை மாற்றியும் வாசித்துப் பார்த்தேன். மிஞ்சிய கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் வில் நிற்கவில்லை. வலக்கை விரல்களோ நாற்பத்திரண்டு வயதில் புதிதாக எதையும் படிக்க மாட்டோம் என்று அடம்பிடித்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாடத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். வீட்டில் யாராவது ஒரு பாட்டை முணுமுணுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற ஆளாகிவிட்டேன்.

அந்த நிலையில்தான் ஆதம்பாவா வந்தார். மருதமுனைச் சாறன் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருடத்தில் இரண்டு தடவை எங்கள் தெருவுக்கு வரும் வியாபாரி அவர். என் கையை நேராகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். பார்த்துவிட்டு, "எங்கட ஊரில ஒருத்தர் காலால வீணை வாசிக்கிறார் மாஸ்டர். தறிய உடைச்சு அவரே செஞ்சது" என்றார். சாறன் விற்க வந்தவர் விடும் கதை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கதை என்னை விடவில்லை. சுரத்தைக் காலுக்குக் கொடுத்துவிட்டால் இடக்கை எதற்கு? அப்படி ஒன்றைச் செய்வித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் நான் மறுபடி வாசிப்பேன். இந்த ஓர் எண்ணத்தோடுதான் ஐப்பசி மாதம் புறப்பட்டேன். வயலினை வீட்டில் வைத்துவிட்டு, வில்லை மட்டும் ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

வியாழன், காலை.

மாகோச் சந்தியில் ரயில் மாறி மட்டக்களப்பில் இறங்கியபோது உடம்பு முழுக்கக் கரித்தூள். நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர் பத்துச் சதம். கல்முனைக்கு இருபத்தைந்து மைல் சொச்சம், பஸ் கட்டணம் தொண்ணூறு சதம். கல்லடிப் பாலம் தாண்டியதும் வலக்கைப் பக்கம் வாவி, இடக்கைப் பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல். பயணக் கட்டுரை எழுதுகிறவன் இந்த இடத்தில் வர்ணிக்க வேண்டும். எனக்கு மனம் இல்லை. அழகான இடம் என்று மட்டும் சொல்லலாம், நம்புங்கள்.

பக்கத்தில் இருந்தவர் சொறிக்கல்முனைக் கமக்காரர். கல்முனையில் இறங்கி, கிட்டங்கித் துறையில் தோணி ஏறி, வாவிக்கு மறுகரை போக வேண்டும் என்றார். வயல் விதைத்துவிட்டாராம்.

"மழையத்தான் காணல்ல," என்று சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். "இந்தக் கிழமைக்குள்ள வந்திரும் போலதான் கிடக்கு. வந்தாத்தான் எங்களுக்குச் சீவியம். நீங்க எங்க போறயள்?"

"மருதமுனைக்கு."

"சாறன் எடுக்கவா?"

"ஓம்" என்றேன். மறுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் வழியெல்லாம் மழைக்காக வேண்டிக்கொண்டே வந்தார். நானும் மரியாதைக்கு அவரோடு சேர்ந்து, வரட்டும் வரட்டும் என்று தலையாட்டினேன்.

கல்முனைப் பட்டினத்தில் ஒரு சைவக் கடையின் மேல்மாடியில் அறை எடுத்தேன். நாளுக்கு ஒன்றரை ரூபாய், சாப்பாடு வேறு. அங்கிருந்து மருதமுனைக்கு வந்த வழியே இரண்டு மைலுக்குக் கூடுதலாகத் திரும்பி நடக்க வேண்டும்.

வியாழன், பின்னேரம் நாலு மணி.

ஊருக்குள் நுழைகிறபோதே தறிச் சத்தம். ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் கேட்கிறது. வேலியோரமெல்லாம் சாயம் தோய்த்த நூல் காய்கிறது. ஆதம்பாவா சொல்லியிருந்த வீணைக்காரர் உதுமாலெப்பையின் வீடு எது என்று கேட்டதற்கு, பள்ளிவாசலால் வந்துகொண்டிருந்த ஒருவர், "எந்த உதுமாலெப்பை? பேணியில கொட்டு அடிக்கிறவரா?" என்று கேட்டுக் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

உதுமாலெப்பை குழித்தறியில் இருந்தார். குழித்தறி என்பது நிலத்தில் இடுப்பளவு குழி வெட்டி, நெசவுகாரர் காலைக் குழிக்குள் தொங்கப்போட்டு, கீழேயுள்ள பலகைகளை மிதித்து நெய்கிற தறி. எனக்கு அவருடைய நெஞ்சும் தொப்பியும் வெற்றிலை குதப்பும் வாயும்தான் தெரிந்தன. என் வயதுதான் இருக்கும். நெய்கிற கை நிற்கவில்லை.

"ஆரு?"

"யாழ்ப்பாணத்தால வாறன். ஆதம்பாவா சொல்லி அனுப்பினவர்."

"சாறனா?"

கையைக் காட்டினேன். அவர் நெசவை நிறுத்தினார். கையைப் பார்த்தார், பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். "கால் ரெண்டும் சரியா இரிக்கா?" என்று கேட்டார்.

ஒரு வருடமாக எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குப் பின்னால் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில். அவர் செய்த சாமான்களெல்லாம் அங்கே தொங்கின. பிஸ்கற் தகரப் பேணியில் மீன்பிடி நூலை நரம்பாகக் கட்டிய கிண்ணாரம் ஒன்று. நூல் சுற்றும் மூங்கில் குழல்களை நீளவாரியாக அடுக்கிக் கட்டிய ஊதுகுழல் ஒன்று. சிப்பிகளைக் கோத்துக் காலில் கட்டுகிற சலங்கை. பஸ் ஹோர்னின் றப்பர்ப் பந்தை அமுக்கினால் முனகுகிற ஒரு தகரம், அது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. "பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவிடுவம்தானே மாஸ்டர்? காஞ்ச நூலச் சுண்டினா ஒண்டு ஒரு மாதிரிக் கதைக்கும், மத்தது வேற மாதிரிக் கதைக்கும். அதுல பிடிச்ச பைத்தியம்" என்றார்.

நடுவில் அவருடைய தகப்பனார் நெய்த பழைய குழி. அதன்மேல்தான் நான் தேடிவந்தது இருந்தது. குழியின் இரு பக்கச் சுவரிலும் தறிக்கட்டைகளை இறக்கி மண் அடித்து இறுக்கி, அவற்றின் மேல் ஒரு முதிரைப் பலகையைக் குறுக்காகப் போட்டிருந்தார். பலகையில் இரண்டு கம்பிகள். சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்தெடுத்த இழைகள். கீழே குழிக்குள் எட்டு மிதிபலகைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு மேலே வந்து ஒரு கொம்புக் கட்டையை இழுக்கும். கட்டை கம்பியில் தன் இடத்தில் அமரும். விரல் செய்கிற வேலையைக் கட்டை செய்கிறது. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமான ஒன்றுக்காகவா ஒரு வருடம் செத்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வாத்தியம் கூடாதெண்டு பள்ளிவாசலில ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"பள்ளிவாசல் நிருவாகம் பாக்கிற மரைக்கார் வந்து பாத்தாரு. தம்புராவா எண்டாரு. தறி எண்டன். குனிஞ்சு குழியப் பாத்தாரு, மிதியப் பாத்தாரு. ஓம் தறிதான் எண்டுட்டுப் போயிட்டாரு." உதுமாலெப்பை சிரிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது தறிதான் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

அன்று அவர் ஒரு துண்டுக் கொம்பால் கம்பியைச் சுண்டி இரண்டு மெட்டு வாசித்துக் காட்டினார். பொழுது பட்டுவிட்டதால் நான் நடந்து அறைக்கு வந்தேன்.

வெள்ளி.

உதுமாலெப்பை ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நாள். மத்தியானம் வரை வர வேண்டாம் என்றிருந்தார். இரண்டு மணிக்குப் போனேன். குழிக்குள் இறங்கினேன். மண் சுவர் வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. தகப்பனும் மகனும் காலை உரசி உரசி மெழுகின சுவர். வேட்டியைப் பிரித்து வில்லை எடுத்தேன்.

"அது என்ன?" என்றார் உதுமாலெப்பை.

வில்லைக் கம்பியில் வைத்து இழுத்தேன்.

என்ன சொல்வது. சத்தம் பலகையிலிருந்து வரவில்லை, என் காலடியிலிருந்து வந்தது. அடிக்குரலில், வயலினுக்கும் கீழே, ஆண்பிள்ளை நெஞ்சுக்குள்ளிருந்து பாடுகிற குரலில் வந்தது. ஒரு மிதியை அழுத்தினேன், ரி. அடுத்தது; க. சிலதுக்குச் சுருதி கொஞ்சம் விலகி நின்றது. அதைப் பற்றி யாருக்குக் கவலை? கால் தடுமாறியது, தப்பான பலகையை மிதித்தது, மறுபடி தேடிப் பிடித்தது. பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் நான் குழியை விட்டு எழும்பவில்லை. கன்னமெல்லாம் ஈரமாக இருந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

உதுமாலெப்பை நிலத்தில் குந்தியிருந்தார். "நான் செஞ்ச சாமானுக்குள்ளயா இது இரிந்தது?" என்று கேட்டார். பிறகு உள்ளே தறியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, "சுலைகா, கேட்டயா?" என்றார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன். என்ட தறியில நாடா ஓடல்ல" என்று கதவுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

சனி, ஞாயிறு.

இந்த இரண்டு நாளையும் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் நடந்து போவேன், பின்னேரம் நடந்து வருவேன். மத்தியானத்தில் சுலைகா உம்மா எருமைத் தயிரும் வாழைப்பழமும் சீனியும் கொடுத்தனுப்புவார். நான் மச்சம் மாமிசம் சாப்பிடாதவன் என்று தெரிந்ததும் புதுச் சட்டியில் தயிர் வந்தது. கால் பழகிக்கொண்டு வந்தது. ஞாயிறு பின்னேரம், நான் பத்து வருடம் மேடையில் வாசித்த ஓர் உருப்படியை அவசரமில்லாமல் முதலிலிருந்து முடிவுவரை வாசித்தேன். வேலிக்கு அப்பால் சில பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். முடித்ததும் நெஞ்சு லேசாகி, நான் பழைய ஆள் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். மனிதன் எதையெல்லாம் நினைக்கிறான்.

அன்று, அந்த ஊரார் அண்ணனை அழைக்கிற முறையில் அவரைக் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கும் இப்பிடி ஒண்டு செய்து தருவியளோ காக்கா? எவ்வளவு நாளெண்டாலும் இருக்கிறன்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். "மூணு மாசம் போகும் மாஸ்டர். மாரி துவங்கினா மரம் காயாது. பாப்பம். இன்சா அல்லாஹ்."

திங்கள், காலை பத்து மணி.

கல்முனைத் தபாற் கந்தோருக்குப் போனேன். மனைவிக்குத் தந்தி. திரும்பி வரச் சுணங்கும், மறுபடி வாசிக்கிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் நாலைந்து சொல். எழுதிக் கொடுத்த குமாஸ்தா நிமிர்ந்து, "என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். "வயலின்" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கப்படவில்லை. தேங்காயெண்ணெய் ஒரு போத்தலும், சுலைகா உம்மாவுக்குக் கற்கண்டும் வாங்கிக்கொண்டு மருதமுனைக்கு நடந்தேன். கடற்பக்கம் வானம் கறுத்திருந்தது.

பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டியில், பழைய சாறன்களால் நாலுபக்கமும் பத்திரமாகச் சுற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி ஏதோ கிடந்தது. உதுமாலெப்பை உடம்பெல்லாம் மண்ணும் வியர்வையுமாக முற்றத்தில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாஸ்டர், நேத்து ராவெல்லாம் நானும் சுலைகாவும் கதைச்சம். புதுசா ஒண்டு செய்யிற வரைக்கும் நீங்க எங்க இரிக்கிற? இதக் கதைக்க வச்சதே நீங்கதான். இது உங்கட சாமான். கொண்டுபோங்க. எனக்கு மறுகா ஒண்டு செய்யலாம்."

வண்டியில் கிடந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

"குழியால இழுத்து எடுத்திட்டியளோ?"

"ஓம். தறிய மாத்துறது எங்களுக்குப் புதிசா மாஸ்டர்? எங்கட பக்கம் மாப்பிள்ளதானே பொண்ணு வீட்டுக்குப் போற. அவரோட அவர்ட தறியும் போகும். வாப்பாவும் தறியோடதான் இந்த வளவுக்கு வந்தாரு. நானும் அப்பிடித்தான் சுலைகா வீட்டுக்குப் போவன் எண்டிரிந்த, என்ட மாமி இந்த வளவையே வாங்கித் தந்திட்டா. குழி எங்கயும் வெட்டலாம். உங்கட ஊரில வெட்டினாப் போதும்."

கொட்டிலுக்கு ஓடினேன். குழி இருந்த இடத்தில் ஓர் அகலமான பள்ளம் கிடந்தது. கட்டைகள் சுவரோடு சேர்த்து இறுக்கியவை. அவற்றைப் பிடுங்கியதும் களிமண் சுவர் பிளந்து, அதன் பின்னால் இருந்த கடற்கரை மணல் அத்தனையும் உள்ளே சரிந்திருந்தது. மெழுகின மண் கட்டி கட்டியாக மணலோடு கலந்து கிடந்தது.

வண்டியிலிருந்து சாமானை இறக்கச் சொன்னேன். முற்றத்தில் நாலு கல்லின் மேல் வைத்து, வில்லால் இழுத்தேன். கதவுப் பிணைச்சல் மாதிரிக் கிரீச்சென்றது. உதுமாலெப்பை சிரித்தார். "குழியில்லாம எப்பிடி மாஸ்டர்?" என்று, தான் அன்றாடம் நெய்கிற தறியையே ஒதுக்கிவிட்டு, அந்தக் குழியின் மேல் தூக்கி வைத்தார். அது ஐந்தாறு வருடத்துக்கு முன் செங்கல் கட்டிச் சீமெந்து பூசின குழி. இறங்கி இருந்து வாசித்தேன். கம்பி சுரம் சொன்னது. ஸ என்றால் ஸ, ரி என்றால் ரி. ஆனால் குரல் இல்லை. ஒருவர் ஒரு மேசையில் தட்டிச் சுரம் சொல்வது போல வறண்டு கேட்டது. மிதியைச் சரிசெய்தார், கம்பியை இறுக்கினார், பலகையைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "இப்ப?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் வாசித்தேன். நாலாவது ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எழுந்து கொட்டிலுக்குப் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்.

கதவுக்கு அப்பாலிருந்து சுலைகா உம்மா கேட்டார்: "என்னவாம்? ஏன் கதைக்குதில்ல?"

நான் வில்லை வேட்டியில் சுற்றி வைத்தேன்.

வாத்தியம் மரத்தில் இல்லை, குழியில் இருந்திருக்கிறது. நாற்பது வருடம் தகப்பனார் சிந்திய கஞ்சித் தண்ணீரும், உரசிய காலும், அந்தக் களிமண்ணும் சேர்ந்து அதைக் குடமாக்கி வைத்திருக்கிறது. தறிகாரருக்குக் குழி என்றால் கால் வைக்கிற இடம். எனக்கோ சத்தம் காலடியிலிருந்து வருகிறது என்று முதல் நாளே தெரிந்தும், அதன் பொருள் தெரியவில்லை.

மத்தியானமே மண்வெட்டி எடுத்தோம். இருவருமாகச் சரிந்த மணலை அள்ளி வெளியே போட்டோம்; நான் ஒன்றரைக் கையால் அள்ளினேன். வெளியே போடப் போட உள்ளே சரிந்தது. நாலு மணிக்கு மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, மாரிமழை. கிடுகுக் கூரையால் ஒழுகி, முற்றத்தால் ஓடி, பிறகு நிலத்துக்குக் கீழிருந்தே ஊறி, பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. உதுமாலெப்பை அதற்குள் நின்றுகொண்டே, மிதக்கிற களிமண் கட்டிகளைக் கையால் பொறுக்கிக் கரையில் அடுக்கினார். "போதும் காக்கா, ஏறுங்கோ" என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. சுலைகா உம்மாவே தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு மழைக்குள் வந்து, "ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஏறினார்.

சொறிக்கல்முனைக்காரருடைய வயலுக்கு மழை கிடைத்துவிட்டது என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. எரிச்சலாக இருந்தது.

புதன், காலை.

செவ்வாய் முழுதும் மழை. புதன் கொஞ்சம் வெளித்தது. நான் அந்தச் சாமானை விட்டுவிட்டு வரத்தான் நினைத்தேன். ஆனால் கல்முனை அறையை விட்டு வீதிக்கு இறங்கியபோது அதே மாட்டுவண்டி முன்னமே வந்து நின்றது. சாறன் சுற்றிய மரம் அதில் கிடந்தது. உதுமாலெப்பை வண்டிக்காரனோடு முன்னால் இருந்தார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? தகப்பனாருடைய குழியை எனக்காக உடைத்தவர். நான் அதை எடுத்துப் போகாவிட்டால் அந்த உடைப்பு வெறும் உடைப்பாகிவிடும். எடுத்துப்போனால், எனக்கு ஒரு பாரம். பாரத்தை ஏற்றுக்கொண்டேன். பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டுவதற்குக் கொண்டக்டர் ஓர் ஆள் கட்டணம் கேட்டார். "என்ன சாமான்?" என்றும் கேட்டார்.

"தறி" என்றார் உதுமாலெப்பை.

பஸ் புறப்படுகிற நேரம் சன்னலருகே வந்து நின்றார். "உங்கட ஊர் மண் எப்பிடி மாஸ்டர்?"

"நல்ல மண்" என்றேன்.

"தண்ணி ஊறுமா?"

"ஊறாது."

"அப்ப கேக்கும்" என்றார். "ஒரிக்கா வெட்டிப் பாருங்க. கேக்கும்." கண்ணைத் துடைத்தார். பஸ் பெரியகல்லாறு தாண்டும்வரை நான் எதையும் பார்க்கவில்லை.

வீட்டில்.

தந்தி எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். நான் படலையைத் திறந்தபோது பழைய மாணவர்கள் மூன்று பேர் குளித்து, திருநீறு பூசி, பாய் விரித்துக் காத்திருந்தார்கள். மைத்துனரும் வந்திருந்தார்; முதல் தடவையாக என் கையைப் பார்த்துச் சிரித்தார். பிரயாண அலுப்பு, நாளைக்குப் பார்ப்போம் என்று அவர்களை அனுப்பினேன். நாளைக்கு என்று எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? பிறகு அவர்களாகவே வரவில்லை.

எங்கள் ஊரில் குழி வெட்டுவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்து ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்றரை அடி செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். அவர்களுடைய மண் கையை வைத்தால் சரிகிறது, எங்களுடைய மண் இரும்பு அலவாங்கை வைத்தால் திருப்பி அடிக்கிறது. கல்லுடைக்கிற ஆள் இரண்டு பேரை வைத்து வீட்டுக்குப் பின்னால் கோடியில் இடுப்பளவு குழி வெட்டுவித்தேன். பசுங்களிமண் கொண்டுவந்து பூசினேன். கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காலால் மெழுகினேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் மரத்தை இறக்கி, வில்லால் இழுத்தேன். கல் பேசுமா? சீமெந்துக் குழியில் கேட்டதைவிட மோசமாகக் கேட்டது. அன்று இரவு அவளிடம், "அங்கை கேட்டது. சத்தியமாக் கேட்டது" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லையே. அந்த மூன்று நாள் எனக்குக் கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். முதலில் இழந்தது விரலை மட்டும்தான்.

மாசி பிறந்து ஆதம்பாவா வந்தார். சாறன் மூட்டையை இறக்கவே இல்லை.

"உதுமாலெப்பை காக்கா அனுப்பினாரு மாஸ்டர். அதுக்குப் பிறகு அவர் ஒண்டும் செய்யிறல்ல. பேணிச் சாமானெல்லாம் கழட்டி வச்சிட்டாரு. நெய்யிறதோட சரி. இப்ப தண்ணி வத்தியிரிக்கி. மாஸ்டர்ட ஊரில கேக்குதா எண்டு கேட்டுட்டு வா, கேக்குது எண்டா நானும் குழிய வெட்டுறன் எண்டாரு."

"நல்லாக் கேக்குது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப ஒரிக்கா வாசிங்க மாஸ்டர். என்ட காதால கேட்டன் எண்டு சொல்லணும்தானே."

கோடிக்குக் கூட்டிப்போனேன். அவர் அந்தக் கொட்டிலில் உதுமாலெப்பை சுண்டி வாசித்ததைப் பல தடவை கேட்டவர். எனக்கு அது தெரியும். குழிக்குள் இறங்கி, காலை மிதியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசித்த அதே உருப்படியை எடுத்தேன். ஓர் இடமும் விடாமல் கடைசிவரை வாசித்தேன். மரம் கட்டையாகத் தட்டிக்கொண்டே வந்தது. ஆதம்பாவா தொப்பியைச் சரிசெய்தார், நிலத்தைப் பார்த்தார், நடுவில் எழும்பிப் போகவில்லை.

முடிந்ததும் எழும்பிச் சைக்கிளை நிமிர்த்தினார்.

"நல்லாக் கேக்குது எண்டு சொல்றன் மாஸ்டர்" என்றார்.

நான் குழிக்குள் இருந்தபடியே தலையை ஆட்டினேன்.